அடியைப் பிடித்தால்

செவ்வாய்ப்பேட்டை புக்கிங் ஆபீஸில்
பத்தொன்பது வருஷமாக
பார்மேர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.
போனதெல்லாம் மாவு மூட்டை, இரும்புக் கம்பி,
ஒருமுறை யாரோ ஒருவரின் கட்டில்.
தை மாதம் நாமே போகலாம் என்றேன்.
சோற்றைப் பிசைந்தபடி தணிகைவேல்
"எதுல?" என்று மட்டும் கேட்டான்.
ஏன் என்று கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இல்லை.

கொண்டலாம்பட்டியில் லாரிக்கு பாடி கட்டும் ரஹ்மத்துல்லா
இத்தனை சின்னதாக எதையும் கட்டியதில்லை.
"கோழி ஏத்தவா?"
"படுக்க."
சாக்பீஸால் தரையில் ஒரு செவ்வகம் போட்டார்.
இருவரும் அதற்குள் படுத்துப் பார்த்தோம்.
பட்டறைப் பையன்கள் வெல்டிங் கண்ணாடியை
நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்கள்.
இவன் பாதம் கோட்டைத் தாண்டியது.
காலால் அழித்து
நாலு அங்குலம் தள்ளி மறுபடி போட்டார்.

ராத்திரியில் கணக்கு.
தலைக்கு ஐந்து லிட்டர், ஒரு நாளைக்கு.
ரேடியேட்டருக்கும் தாகம் உண்டு.
நூற்றிருபது லிட்டர் என்றால் நூற்றிருபது கிலோ,
தண்ணீரை மடித்து வைக்க முடியாது.
அவன் அரிசியைக் குறைத்தான்,
நான் புடவைகளை.
மூன்றரைக் கிலோ தோசைக்கல்லில் மட்டும்
இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.
மற்றபடி
ஐந்து நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கும் தெருவில் இருந்துகொண்டு
குடத்தை எண்ணி வாழ
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பாலைக்கு ஒத்திகை பார்க்க
இங்கே கிடைத்தது ஏற்காடுதான்.
ஒன்பதாவது கொண்டை ஊசியில்
பின்னால் ஒன்று வருவதையே மறந்து
சுருக்கித் திருப்பினான்.
சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்க
உள்ளே தட்டுகள் எல்லாம் ஒன்றாகப் பேசின.
கூரையில் ஒரு குரங்கு
பதினான்காவது வளைவு வரை
டிக்கெட் இல்லாமல் வந்தது.
மேலே, காப்பிப் பழம் சிவந்த தோட்டத்தோரம் நிறுத்தி
வெயிலுக்கென்று வெள்ளையடித்த தகரத்தின் கீழே
விடியவிடியப் பனி சொட்டக் கிடந்தோம்.
"அங்கயும் ராத்திரி குளிருமாம்."
"பேசாம தூங்கு."

ரிவர்ஸ்தான் வரவே இல்லை.
ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால்
வால் வலது பக்கம் போகிறது.
எங்கள் சந்தில்
ஒரு துளசிமாடம், இரண்டு பைக்,
பக்கத்து வீட்டு கேட் ஆகியவற்றோடு
ஒத்திகை நின்றுபோனது.

ஓமலூர் பக்கம் பரந்தாமனின் சேகோ பாக்டரி.
ஞாயிற்றுக்கிழமை, காய்ந்ததை அள்ளிய பிறகு
இரண்டு ஏக்கர் களம் வெறுமனே கிடந்தது,
அள்ளாமல் விட்ட மாவோடு
கண் கூச, வெள்ளையாக.
சேர்வராயன் மட்டும் வடகிழக்கில் நிற்காவிட்டால்
நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே சொல்லியிருப்பேன்.
பின்னால் நின்று கை காட்டினேன்.
என் வலது அவனுக்கு இடது.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒருவரை ஒருவர் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை.
"அப்போ நீயே ஓட்டு" என்று இறங்கினான்.
ஏறி உட்கார்ந்தேன்.

அவன் உயரத்துக்குத் தள்ளிவைத்த சீட்.
எனக்கு ஸ்டியரிங்கின் அடிதான் எட்டியது.
அடியைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன்,
வால் இடது பக்கம் போனது.
வலது பக்கம் இழுத்தேன், வலது.
எங்கள் போலேரோ
கன்றை முட்டாமல் பின்வாங்கும் பசுவைப் போல
களத்தின் மூலைக்குப் போய் நின்றது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மாவில் விழுந்த டயர்க் கோட்டையே
ஓரமாக நடந்து நடந்து பார்த்தான்.

ஆபீஸில் திங்கட்கிழமை ஒரு பில்லை வீணாக்கினேன்.
எடை: தோசைக்கல் உட்பட அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அனுப்புநர் இடத்தில் என் பெயர்.
பெறுநர் இடத்திலும் என் பெயரையே எழுதப் போய்
மேனேஜர் வரவும் மடித்து
டிபன் பாக்ஸின் கீழே வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்
களத்து மாவு அப்பிய டயரை நோக்கி
வாசற்படியிலிருந்து
ஒரே வரிசையில் எறும்புகள்.
தொப்பூர் கணவாய்கூடத் தாண்டாத வண்டியில்
எங்களுக்கு முன்னால்
ஏறிக்கொண்டிருந்தன.