கடைவாய்ப் பல் நடக்கிறது

முதல் இன்வாய்ஸுக்கு என்ன எண் போடுவது
என்று இரவு பதினொன்றரை வரை யோசித்தேன்.
ஒன்று என்றால் சிரிப்பார்கள்.
நாற்பத்தேழு என்று போட்டேன்.
நாற்பத்தாறு வேலைகளை
எனக்கு முன்னால் யாரோ செய்து முடித்த மாதிரி
அந்த அறை கொஞ்ச நேரம்
நிரம்பி இருந்தது.

பீல் நகரில் மணிக்கூடு செய்கிறார்கள்.
ஆற்றுக்கு அப்பால் அந்தப் பெரிய கட்டடங்களில்
வெள்ளை அங்கிக்காரர்கள்
ஒரு வினாடியைப் பிசகாமல் பெட்டிக்குள் அடைக்கிறார்கள்.
மாதச் சம்பளம். பதின்மூன்றாம் மாதமும் உண்டு.
நான் இந்தக் கரையில், மூன்றாம் மாடியில்,
அதே வினாடியை
இருபத்தைந்தாய்க் கிழித்து
ஒவ்வொரு துண்டிலும் ஒரு பல்லை வரைகிறேன்.

பல் மருத்துவர் எக்லியின் காத்திருப்பறைத் திரைக்கு
பதினெட்டு வினாடி.
ஒரு கடைவாய்ப் பல், இரண்டு கால், கையில் பிரஷ்.
பல்லுக்கு முழங்கால் எங்கே இருக்கும்?
இதைக் கேட்க இனி
பக்கத்து மேசையில் லூக்காஸ் இல்லை.
ஸ்டூடியோவை விட்டு வந்த அன்று
அவன் தந்த கள்ளிச்செடி இருக்கிறது.

நடைக்கூடத்தில் போனை நிமிர்த்தி வைத்து
நானே நடந்து பார்த்தேன்.
குதி ஊன்ற வேண்டும், உடல் இறங்க வேண்டும்,
ஒரு கால் மற்றதைக் கடக்கையில்
தலை எழ வேண்டும்.
பாரம் தெரியாத நடை வெறும் மிதப்பு.
வயிற்றைத் தள்ளி, கைகளை அகட்டி,
பல்லாகவே நான் ஏழாம் தடவை வந்தபோது
எதிர்க் கதவு திறந்து
திருமதி வூத்ரிஹ் குப்பைப் பையோடு நின்றார்.
முதலில் ஜெர்மனில் வணக்கம் சொன்னார்,
பிறகு, ஒருவேளை எனக்கு விளங்கவில்லையோ என்று,
பிரெஞ்சில்.

மச்சாள் சுகந்தினி போன் எடுக்கிறாள்:
"நீர் வீட்டிலதானே நிக்கிறீர்,
சின்னவனை நீச்சல் வகுப்பால ஒருக்கா
ஏத்திக்கொண்டு வாறீரோ?"
வீட்டில்தான் நிற்கிறேன்.
நான் போய்த் திரும்பும்வரை
ஒரு பல்லின் வலது கால்
காற்றில் நிற்கிறது.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம்.
சுயதொழில் என்று ஏற்க ஆதாரம் வேண்டுமாம்:
நான் எவரையும் சாராதவள் என்று காட்ட
நான் சார்ந்திருக்கும் ஆட்களின் பெயர்கள்,
ஒன்றுக்கு மேல்.
எக்லி என்று எழுதினேன்.
அதற்குக் கீழே பேனாவை ஊன்றி நெடுநேரம் இருந்தேன்.
சந்தையில் ஒரு சீஸ் கடைக்காரர்
"பிறகு யோசிப்போம்" என்றிருந்தார்.
அவரையும் எழுதினேன்.

திருத்தம் நான்கு: பல் இன்னும் சந்தோஷமாக நடக்கலாமா?
திருத்தம் ஐந்து: இவ்வளவு சந்தோஷம் வேண்டாம்,
வலியோடு இருப்பவர்கள் பார்ப்பார்கள்.
திருத்தம் ஆறு: முதலில் அனுப்பியதே நல்லாயிருந்தது.

ரெண்டர் ஓடும் இரவுகளில்
ஹீட்டரை அணைத்துவிட்டு
கணினியின் விசிறிக்குக் கால் நீட்டி இருப்பேன்.
வேலையும் சூடும் ஒரே பில்லில்.

முப்பதாம் நாள், சொன்னபடி, காசு வந்தது.
அன்று மாலையே
வாயின் இடப்பக்கம் குத்தத் தொடங்கியது.

காத்திருப்பறையில் ஒலி இல்லாமல்
அது நடந்துகொண்டிருந்தது.
பதினோராம் ஃபிரேமில் இடது கால்
ஒரு மயிரிழை பிந்தி இறங்குகிறது.
ஆறு திருத்தத்திலும் எவரும் காணவில்லை. நானும்தான்.
இந்த நாற்காலியில் இருந்து
அது ஒன்றைத் தவிர வேறெதையும் காணவில்லை.
கன்னம் வீங்கிய ஒரு பொடியன்
வாசல்வரை போனான், திரும்பி வந்தான்,
இடது காலைச் சற்றுப் பிந்தி வைத்து.
தாய் இழுத்து இருத்தினாள்.

எக்லி கண்ணாடி விட்டுப் பார்த்தார்.
கீழ் இடது, கடைசிக்கு முந்தியது, ஆழம்.
தொகை சொன்னார்.
வாயைத் திறந்தபடியே கணக்குப் போட்டேன்:
என் விலையில் பதினோரு வினாடி.
ஏழு மிஞ்சும்.

வெளியே வரும்போது கையில் தந்த பில்லில்
எண்ணைத்தான் முதலில் தேடினேன்.
இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்க நினைத்தேன்.
வாய் மரத்திருந்தது.