வைப்பர்

பாகாவ், பாசா முனை.
பகல் பதினொன்று. மேகமே இல்லை.
திரும்புவதற்கு விளக்குப் போடுகிறேன்,
கண்ணாடியில் வைப்பர் ஆடுகிறது
கர்ரக், கர்ரக்கென்று.

ஒட்டுக்கடையில் பசியாறும் லோரிக்காரர்கள்
ரொட்டியைப் பிய்த்தபடி சிரிக்கிறார்கள்.
"வந்துருச்சு பாரு ஆலந்து அக்கா.
வெயிலத் தொடைக்குது."

எட்டு மாதமாகியும்
இடது கைக்கு யாரும் சொல்லவில்லை,
இது ரோட்டர்டாம் இல்லையென்று.

முதன்முதலில் தோஹா போனபோதும்
இதே கூத்து, வலது கையில்.
வருஷத்துக்கு நாலு தூறல் விழுகிற ஊரில்
நான் மட்டும் மழையைத் துடைத்துக்கொண்டே போனேன்.
பக்கத்து இருக்கையில் பிலிப்பினோ தாதி மரிசெல்,
"உங்கள் ஊரில் ரொம்ப மழையோ" என்றாள்.
ரொம்ப, என்றேன்.
அந்தத் தவற்றைத் திருத்த மனம் வரவில்லை.
அன்றைக்கு என் ஊர் அதில்தான் இருந்தது.

தோஹாவில் நாலு வருஷம்
ஜன்னல் திரையைத் திறந்ததில்லை.
ரோட்டர்டாமில் பதின்மூன்று வருஷம் மூடியதில்லை;
மூடினால், என்னவோ ஒளிக்கிறாள் என்பார்கள்.
இங்கே தாமான் வீட்டில்
பாதி இழுத்து விட்டிருக்கிறேன்.
எதிர்வீட்டு தனபாக்கியம் வந்து கேட்டாள்:
"கொக்கி ஒடஞ்சிருச்சா?"

தங்கை வீட்டுக்குப் போக
மூன்று நாள் முன்பே போன் செய்தேன்.
வியாழன், நாலு மணி, வசதிப்படுமா?
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு மெதுவாக,
"யாருக்கும் எதும் ஆயிருச்சாக்கா?"

பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் காடி கழுவும் கடை.
ரொஃபிகுல் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
வைப்பரைத் தூக்கிப் பார்க்கிறான்.
"ரப்பர் போச்சுக்கா. காஞ்ச கண்ணாடியில போட்டா தாங்காது லா."
செம்பனைத் தோட்டத்து மண்டோர்
அதட்டி அதட்டி ஏற்றிய தமிழ்.
'ழ' கிடையாது. குறையும் கிடையாது.
ஆறு தின்றுவிட்ட ஏதோ ஒரு வங்காளக் கரையில் பிறந்தவன்
என் ஊர்ப் பேச்சை என்னிடமே பேசுகிறான்.
நானோ ஒவ்வொரு 'ழ'வையும்
கவனமாக வைக்கிறேன்,
விருந்தாளி தன் தட்டைத் தானே கழுவி வைப்பதுபோல.

பால்மரம் நின்ற சரிவெல்லாம் இப்போது செம்பனை.
புது ரப்பரின் உறையில் தாய்லாந்து என்று போட்டிருக்கிறது.
பன்னிரண்டு வெள்ளி.

"வந்து எத்தன நாளாச்சுக்கா?"
எட்டு மாசம்.
"நான் பதினோரு வருசம்."
மீதிக் காசை எண்ணித் தந்தபடி
என்னைத் தேற்றுகிறான்:
"பழகிரும்க்கா. மொதல்ல எல்லாருக்கும் இப்டித்தான்."

நான் பிறந்ததே
இதோ அந்தச் சரிவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
தேறுதல் நன்றாக இருந்தது.

தோட்டத்து ரோட்டில் ஏறியதும்
பிடித்துக்கொண்டது மழை, வாளியைக் கவிழ்த்த மாதிரி.
அவசரத்தில் கை போனது.
வலது கை.
டிக், டிக், டிக்.
புது ரப்பர் சும்மா கிடக்கிறது,
கண்ணாடி முழுக்கத் தண்ணீர்,
மினுக்குவதோ வலப்பக்க விளக்கு.

பின்னால் குலை ஏற்றி வந்த லோரி
வேகம் குறைத்து, ஹாரன் அடிக்காமல்
நின்றது,
நான் திரும்பிவிடுவேன் என்று நம்பி.