பழைய எண் 127, புதிய எண் 128

இரவு பதினொன்றரை, சைதாப்பேட்டை.
மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது.
மோட்டாரை நிறுத்த ஒருவரும் எழவில்லை.
நான் படங்களுக்கு
மறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கருப்பை மறுத்தால் வெள்ளை வரவேண்டும்,
சைபர் போய் இருநூற்று ஐம்பத்தைந்து.
வந்தது மைனஸ் ஒன்று.
எட்டு பிட் வீட்டுக்குள்
முப்பத்திரண்டு பிட் விருந்தாளி
காலை வாசலுக்கு வெளியே நீட்டிப் படுத்திருந்தார்.
மடக்கி வைத்தேன்.

பிறகு 'உம்'.
பேச்சில் எதன் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் உம்மை
இங்கே கறார்:
இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் வெளிச்சம்.
'அல்லது' தாராளம், யார் வந்தாலும் சரி.
கடைசியாக அந்த மூன்றாவது,
இதுவா அதுவா,
இரண்டும் என்றால் இருட்டு.

எல்லா ஜோடியும் பார்த்தாயா என்று
ரிவியூவில் கேட்டிருந்தான் இன்பதாசன்.
பார்த்தேன்.
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு,
கொசு அடிப்பதற்குள் பச்சை.
அகலம் பதின்மூன்று என்றபோது மட்டும் சிவப்பு:
ஒவ்வொரு வரிசை முடிவிலும்
யார் கணக்கிலும் வராத மூன்று பைட்,
அதில் பழைய குப்பை.

கடைசிச் சோதனைக்கு எதிர்வீட்டுச் சுவர்.
தெருவிளக்கில் இரண்டு படம், ஒரு நிமிட இடைவெளி.
சுவர் எங்கும் போகவில்லை.
'இதுவா அதுவா'வில் போட்டால் கருப்பு வரும் என்றிருந்தேன்.
அம்மை வார்த்தது போல் வெள்ளை வெள்ளையாக வந்தது.

ஒரு புள்ளியைப் பிடித்து விசாரித்தேன்.
முதல் படத்தில் 127, அடுத்ததில் 128.
கண்ணுக்கு ஒரே சாம்பல்.
உள்ளே
01111111
10000000
எட்டு பேரும் எட்டுத் திக்கில் முறைத்துக்கொண்டு.

நிரலில் பிழை இல்லை.
இதை எப்படி இன்பதாசனுக்கு எழுதுவது
என்று விரல் நிற்கும்போது போன்.

"அக்கா, பரோட்டா. 128 வாசல்ல நிக்கிறேன்,
அந்த அம்மா திட்டுறாங்க."
"எந்த 128? பழசா, புதுசா?"
"ரெண்டும்தான் போர்டுல இருக்கே."

நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.
இரண்டு வருஷமாக
அந்த வீட்டுக் கரண்ட் பில் எனக்கு வரும்,
என் பார்சல் அங்கே போகும்.
முகம் பார்த்துப் பேசியதில்லை.

செருப்பு தேடாமல் இறங்கினேன்.
மாடித் தண்ணீர் படியெல்லாம் ஓடியிருந்தது.
கேட்டுக்கு வெளியே நின்று
போன் டார்ச்சைத் தூக்கி ஆட்டினேன்.
அந்த அம்மா கண்ணைச் சுருக்கி,
"மோட்டார் உங்களுதா?" என்றாள்.

எங்களுதுதான்.

திரும்பி வந்து, ஒரு கையில் சால்னா சொட்ட,
127, 128 என்று ஒரு டெஸ்ட் சேர்த்தேன்.
எதிர்பார்க்கும் விடை: 255.
பாஸ்.