பிடித்தம்

சம்பளச் சான்றிதழ் கேட்டு வந்தான் அசனலி.
டவர் கிரேன் ஓட்டுபவன்.
நாற்பத்தொரு மாடிக்கும் மேலே
கண்ணாடிப் பெட்டிக்குள் பகலைக் கழிப்பவன்.
"அடிப்படைய மட்டும் போடுங்கக்கா,
கோர்ட்டுக்கு அது போதும்."

அடிப்படை ஆயிரத்து எண்ணூறு திர்ஹம்.
அதன் மேல் உயரப்படி தொள்ளாயிரம்.
இரவு வேலைக் காசு மாதத்துக்கு மாதம் மாறும்.
சார்ஜாவின் தரையில் நிற்கையில் ஏழை,
ஏணி ஏறியதும் வேறு ஆள்.
எந்த மாடியில் நிறுத்தி அளப்பது இவனை?

அச்செடுத்தேன், உயரப்படி உட்பட.
ம. பெல்சியா, சம்பளப் பிரிவு என்று ஒப்பமிட்டேன்.
சம்பளப் பிரிவுக்குப் பக்கம் கிடையாது,
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
தாளை நாலாக மடித்துக்கொண்டு போனான்.
நன்றி சொல்லவில்லை.

மிச்சமெல்லாம் மந்தூப் யஹ்யா சொல்லித் தெரியும்.
ஜுவைரியா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய
ரசீது கொண்டுவந்தாளாம்.
ரோலாவில் பலகை தடுத்த அறைக்கு வாடகை,
பள்ளிப் பேருந்து, பல் டாக்டர்,
கறுப்பு ஷூ, அளவு முப்பத்தொன்று.
கடைத்தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும் இந்த ஊரில்.
வெளுத்த இடத்தில் எல்லாம்
பேனாவால் மேலெழுதி வைத்திருந்தாளாம்.
நீதிபதி ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

அசனலியும் கணக்கு கொடுத்தான்.
பொய்க் கணக்கு இல்லை.
பால்மாவு மூன்று டப்பா,
ராத்திரிக்கு மட்டும் டயப்பர்,
வாழைப்பழம்,
காய்ச்சல் மருந்துக்கென்று தனியே முப்பது.
மொழிபெயர்ப்பாளர் வாசித்து முடித்ததும்
நீதிபதி கேட்டது ஒன்றுதானாம்:
மகளுக்கு என்ன வயது?
"ஏழு" என்றானாம்.
சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்ததாம்.

அவள் கேட்டது இரண்டாயிரத்து ஐந்நூறு,
அவன் ஒத்துக்கொண்டது நானூறு.
ஆயிரத்து நூற்றைம்பது என்று தீர்ப்பு வந்தது.
வங்கிக் கடனுக்குக் கொஞ்சம் இரங்கி,
அந்த டப்பாவுக்குக் கொஞ்சம் இரங்கி,
உயரப்படியை மறக்காமல்.

நஃபகா என்று வாசித்தார் யஹ்யா.
ஊர்க் கோர்ட்டில் ஜீவனாம்சம் என்பார்கள்;
ஜீவனில் ஓர் அம்சம்.
எங்கள் மென்பொருளில் இரண்டுக்கும் இடமில்லை.
பிடித்தம் என்று ஒரு கட்டம் உண்டு,
தொலைத்த ஹெல்மெட்டும்
வாங்கிய முன்பணமும் போய் விழுகிற கட்டம்.

"எங்களுக்குள்ள பிடித்தம் இல்லக்கா"
என்று முன்னொரு நாள் சொன்னவன்தான்.
அவன் பெயருக்கு நேரே தட்டினேன்,
பிடித்தம்: 1,150.

ஜூலையில் புழுதிக் காற்று.
பதினோரு நாள் கிரேன் ஆடவில்லை,
உயரப்படியும் ஏறவில்லை.
பிடித்தம் மட்டும் அப்படியே இருந்தது.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.
"குறைக்கச் சொல்லி மனுப் போடலாமாக்கா?"
போடலாம் என்றேன்.
அவங்களும் கூட்டச் சொல்லிப் போடலாம்.
"எதுக்குக் கூட்டணும்?"
பிள்ளை வளருதுல்ல.

கொஞ்ச நேரம் விரல் நகத்தில் கிரீஸ் சுரண்டினான்.
"ஷூ இப்ப என்ன அளவாம்?"
யஹ்யா சொன்னது முப்பத்தொன்று,
அது போன வருஷத்து ரசீது என்றேன்.

இந்த ஜனவரியில் மென்பொருளை மாற்றிவிட்டார்கள்.
எல்லாரையும் மறுபடி ஏற்ற வேண்டும்.
அசனலியின் வரியில் வந்து நின்றுகொண்டது:
முடிவுத் தேதி கட்டாயம்.
வெறுமையாக விட்டால் சிவக்கிறது.
தீர்ப்பில் தேதி இல்லை, யஹ்யாவுக்கும் தெரியவில்லை.
அது ஏற்கிற கடைசி நாளைப் போட்டேன்,
31-12-2099.

மின்ஹாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது.
எதற்கும் நாள்காட்டியைப் பார்த்தேன்.
வியாழக்கிழமை.
வங்கி உண்டு.