பதினாறில் ஏழு

கையெழுத்துப் போட்டவன்தான் பக்கத்தில் உட்கார வேண்டும்.
டாக்டர் ஷம்சாவின் சட்டம் அது.
வார நாளெல்லாம் ராஸ் அல் கைமாவில் பல் பிடுங்குகிறவர்.
சனிக்கிழமை விடிந்தால்
நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின்,
என்னைவிட இரண்டு வயது மூத்த விமானம்.

மூன்றாம் சிலிண்டரை மாற்றியது நான்.
இரண்டு நாள் கடலோரமாகவே ஓட்டிப் பார்த்தாயிற்று.
இன்றைக்கு மலை.

பாஸ்போர்ட்டில் இசக்கிமுத்து. அவருக்கு இஷாக்.
"இஷாக், எடை?"
"எழுபத்தொன்று."
"சாப்பிட்டாயா?"
"இரண்டு பரோட்டா."
எழுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்.
சிரிக்கவில்லை.

ஈச்சந்தோப்பு, சிமெண்ட் ஆலை,
வெள்ளைத் தூசியை இழுத்துக்கொண்டு போகும் லாரிகள்.
பிறகு ஒரு மண்சாலை
வாடிக்குள் நுழைந்து, தயங்கி,
கல்லாகிவிட்டது.

ஹஜர் என்றால் கல்தான்.
அதற்கு மேல் யாரும் பெயர் யோசிக்கவில்லை.
ஃபீலர் கேஜின் தகடுகளை விரித்து வைத்ததுபோல்
அடுக்கடுக்காய்ச் சாம்பல் பாறை;
ஒவ்வோர் அடுக்கின் இடுக்கிலும் ஒரு நூல் நிழல்.
எங்கள் நிழல் அதன்மேல் ஓடியது,
சில இடத்தில் ஈ அளவு,
சில இடத்தில் திடீரென்று எங்கள் அளவு.

ஒரு விளிம்பில் கல்வீடு.
பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி.
வழியே இல்லை,
யார் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்களோ.
ஓர் ஆள் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.
இல்லை, அண்ணாந்து அல்ல,
நேராகத்தான் பார்த்தார்.

அப்போதுதான் பள்ளத்தாக்கு குறுகியது.
முகட்டைத் தாண்டி வந்த காற்று
எங்கள் தலையில் வாளியாய்க் கொட்டியது.
எஞ்சின் முழு வேகத்தில். ஆனால் முள்
நிமிடத்துக்கு நானூறு அடி
கீழே, கீழே என்கிறது.
இடுப்பு வாரின் கொக்கி பின்தொடையில் குத்துகிறது.

அந்த நேரம் பார்த்து நினைவு வருகிறது:
காலையில் எண்ணெய்க் குழாயின் மூட்டை
கடைசியாய் ஒரு முறை இறுக்கினேனே,
அந்தப் பதினாறில் ஏழு ஸ்பானர்.
பெட்டியில் வைத்தேனா?
மூடியைத் திருகியது ஞாபகம் இருக்கிறது.
துணியால் விரல் துடைத்தது ஞாபகம் இருக்கிறது.
மேக்னெட்டோவின் மேல் பளபளவென்று அது படுத்திருப்பது
ஞாபகமா, பயமா, தெரியவில்லை.

சொல்லலாமா?
சொல்லி என்ன செய்வார், இறங்கவா முடியும்?
ஒவ்வொரு குலுக்கலுக்கும் காதைத் தீட்டினேன்.
ஆயிரம் இரும்புச் சத்தத்தில்
ஓர் இரும்புச் சத்தத்தைத் தேடினேன்.

அவர் மூக்கை உயர்த்தவில்லை.
நானாயிருந்தால் உயர்த்தியிருப்பேன்,
செத்திருப்போம்.
மூக்கைத் தாழ்த்தி, வேகம் சேர்த்து,
வெயில் பட்ட சுவரை நோக்கியே சாய்த்தார்.
பாறையில் ஆட்டுப் புழுக்கை தெரிந்தது, சத்தியமாக.
சூடான கல் விட்ட மூச்சு
அடிவயிற்றில் ஏந்தித்
தூக்கியது.

முகட்டுக்கு அப்பால் கடல்,
ஒன்றுமே நடக்காததுபோல்.
"எஞ்சின் எப்படி, இஷாக்?"
"நன்றாயிருக்கிறது, டாக்டர்."
"உனக்கேன் வேர்க்கிறது?"
"வெயில்."
மார்ச் மாதம், மணி ஏழரை.

இறங்கியதும் பெட்டிக்கு ஓடினேன்.
பஞ்சில் வெட்டிய பள்ளம் காலி,
ஸ்பானர் வடிவத்தில் ஓர் இன்மை.
எஞ்சின் மூடியைக் கழற்றி, கண்ணாடியும் டார்ச்சுமாய்
சூட்டில் விரல் சுட்டுத் துழாவினேன்.
இல்லை.
கால் தளர்ந்து சக்கரக் கட்டைமேல் உட்கார்ந்தேன்.
குத்தியது.

பின்பாக்கெட்.

ஐயாயிரம் அடி என்னோடு ஏறி இறங்கியிருக்கிறது,
எடைக் கணக்கில் வராத பயணியாய்,
கொக்கி என்று நான் திட்டியதையும் கேட்டுக்கொண்டு.

பள்ளத்தில் வைத்து அழுத்தினேன்.
பிறகு எல்லாவற்றையும் எண்ணினேன்,
இடமிருந்து வலம், நம் வழக்கப்படி.
மறுபடி,
வலமிருந்து இடம்.