நான்கெல்லை

ஓட்டேரியில் மூன்றாவது மாடிக்கு மேலே
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் நடுவே
அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி
பின்னால் விளக்கைப் போட்டுவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்துக் கொடியில்
நாளைக்கான அங்கி காய்கிறது.

முதலில் வருவது எப்போதும் கொசுதான்.
மழை பெய்திருந்தால் ஈசல்.
கீழ்வீட்டு டிவி அணைந்து
பத்தரை தாண்டினால்
அந்துப்பூச்சிகள்.

ஒன்று, காய்ந்த வேப்பிலை போல.
ஒன்று, காக்கை எச்சம் போல:
தின்ன வருகிறவனிடம்
கூசாமல் பொய்ச்சாட்சி சொல்லும் சிறகு.
குறுக்கு விசாரணையில் கூட அசையாது.

தேதி, மணி, காற்று, சிறகின் நீளம்
எல்லாவற்றையும்
வக்கீல் டைரியின் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.
முன்பக்கத்திலிருந்து வழக்குகள் வருகின்றன.
இந்த வருஷம் ஆகஸ்டிலேயே முட்டிக்கொண்டன.

"அசல் வழக்கு 417. எதிருரை தாக்கல். வாய்தா."
அதற்குக் கீழேயே
"பழுப்பு. இரண்டு வெள்ளைப் புள்ளி. பெயர் தெரியவில்லை."

சீனியர் சபேசன் கண்ணில் பட்டுவிட்டது.
"இதென்னம்மா, சொத்து விவரமா?
நான்கெல்லை எங்க?"

சிரித்தேன்.
அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

பூச்சிதான் வேணும்னா
விலங்கியல் படிச்சிருக்கலாமே என்கிறார்கள்.
பெண் பார்க்க வந்த ஒருவர்
"ரெண்டுல எது சைடு?" என்றார்.
எனக்குச் சட்டமும் பிடிக்கும் என்பதை
யாரிடம் போய் நிரூபிப்பது?
ஒரு அரைப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு
எட்டுக்கு ஆறு அடியில் ஒரு கடை
பதினான்கு வாய்தாவாக நின்றுகொண்டிருக்கிறது.
மண்ணடியில், நூருன்னிசாவின் ஜெராக்ஸ் கடை.
அந்த அரைப்புள்ளியைக் கண்டுபிடித்த அன்று
மதியம் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

போன மாதம்
சிட்டி சிவில் கோர்ட் தாழ்வாரத்தில்
எரியாத டியூப்லைட்டுக்குக் கீழே, தூணில்
ஒன்று ஒட்டியிருந்தது.
அங்கியைச் சுருட்டிக்கொண்டு குத்தவைத்தேன்.
நூருன்னிசாவும் குனிந்தார்.

"உயிரு இருக்கா?"

"இருக்குக்கா. பகல்ல தூங்கும்."

"கோர்ட்டுக்கு வந்தா எல்லாம் அப்படித்தான்."

அதற்குள் உள்ளே
417 கூப்பிட்டாகிவிட்டது.
ஓடிப்போய் நின்றபோது
அடுத்த கட்டு பிரிந்திருந்தது.
மதியம் திரும்ப அழைக்கச் சொல்லிக்
கெஞ்சிய என் குரலை
இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.
எதிர்த்தரப்பு வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நீதிபதி பெரிய மனது பண்ணினார்.
ஒரு பூச்சிக்காக ஒரு கடை
போயிருக்கும்.

இரண்டு வாரம் வேட்டி கட்டவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு
நூருன்னிசா நகல்கள் கொண்டுவந்தார்.
மூன்று செட், பச்சை நூல், எண் போட்டு.
கடைசியில் எண் இல்லாத ஒரு தாள்.

"ராத்திரி மெஷின் கண்ணாடில வந்து உக்காந்துச்சு.
மூடாமயே ஒரு காப்பி எடுத்துட்டேன்.
லைட்டு நகந்ததும் பறந்துருச்சு."

தாள் முழுக்க ஜெராக்ஸ் கறுப்பு.
நடுவில் ஒரு சிறகு மட்டும் கூர்மை.
இன்னொன்று, புகை.

எனக்குத் தெரிந்த எந்தப் பெயரும்
அதற்குப் பொருந்தவில்லை.
தூணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
நானாக மன்னிப்புக் கேட்டபோது
"காப்பிக்கு ரெண்டு ரூபா" என்றார்.

இன்று மறுபடி வேட்டி.
பதினொன்று இருபதுக்கு வந்தது,
அதே பழுப்பு, அதே இரண்டு புள்ளி.
டைரியைத் திறந்தேன்.
சபேசன் சார் கேட்டது கேட்டதுதானே.

வடக்கே தண்ணீர்த் தொட்டி,
கிழக்கே நாற்பது வாட் விளக்கு,
தெற்கே ஈரம் காயாத கறுப்பு அங்கி,
மேற்கே

என்று எழுதி நிமிர்ந்தால்
வேட்டி மட்டும் ஆடுகிறது.