உரசல்

இருபது நாளுக்கொரு முறை வரும்.
முதலில் ஒரு கொட்டாவி,
அப்புறம் விரல்நுனியில் குளிர்.
நூனுஃபார் அடுப்பை அணைத்துவிட்டுச்
சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பதினோரு வயதில்
குடல்வால் என்று வயிற்றை அறுத்தார்கள்.
நல்ல வால்தான் என்றாராம் மருத்துவர்,
ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.
தழும்பு மட்டும் அவளோடு வளர்ந்தது.

இந்த முறை நெஞ்சு.
நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே
இரண்டு சவ்வுகள்,
இத்தனை வருஷம் எண்ணெய் தடவினாற்போல்
வழுக்கிப் போய் வந்தவை,
இன்று சொரசொரத்து
மூச்சுக்கு மூச்சு சண்டை.

முதுகில் காதை வைத்தேன்.
குய்ம்ரியின் ஜனவரித் தெருவில்
புதுப்பனியை மிதித்து யாரோ
பூட்ஸ் காலோடு நடக்கும் சத்தம்.
நடந்துகொண்டே இருந்தார்.
வீடு சேரவில்லை.

"சிரிக்க வைக்காதே, வலிக்கிறது."
நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

மாத்திரை தீர்ந்து நாலு நாள்.
ஆற்றைத் தாண்டினால் கார்சில் கிடைக்கும்.
எல்லைக்குப் பூட்டு.
ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டு
சோப்பு லாரியில் வர வேண்டும்.
அனுப்புகிற செவ்கியை நாங்கள் பார்த்ததில்லை.
தனக்கும் இதேதான் என்று எழுதியிருந்தாள்:
இதே வலி, இதே இடத்தில் தழும்பு.
நூனுஃபார் அந்தக் கடிதத்தை
நாலாக மடித்துத்
தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்,
காய்ச்சலில் ஈரமாகி
மை ஊறிப்போயும்.

மூன்றாம் நாள் விடியலில்
சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது.
எழுந்து, முகம் கழுவி,
மூன்று பெட்டிக்குப் பணம் எடுத்து வைத்தாள்.
நமக்கு இரண்டு போதுமே என்றேன்.
பதில் இல்லை.
அடுப்பில் பாதி வெந்த கோதுமையைத் தேடினாள்.
நாய்க்குப் போட்டுவிட்டேன் என்றதற்குத்தான்
கோபித்துக்கொண்டாள்,
நெஞ்சு நிறைய மூச்சிழுத்து.